முக்காடு நழுவாமல் 800 மீட்டர்: மதுரைப் பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஓட்டக் கையேடு

2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவுக்காக 800 மீட்டர் ஓடியவர் சாரா அத்தார். தலை மூடி, முழுக்கை, முழுக்கால் உடை. தன் ஹீட்ஸில் (தகுதிச் சுற்றில்) கடைசியாகத்தான் வந்தார். நேரம் 2 நிமிடம் 44.95 விநாடி. இந்தக் கையேட்டுக்கு அந்த நேரம்தான் அளவுகோல். 200 மீட்டரை 41 விநாடியில் ஓடி, அதையே நிற்காமல் நான்கு முறை செய்தால் 2:44. ஒரு ஒலிம்பிக் நேரத்தை நம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தாண்டியாகிவிட்டது என்று அர்த்தம். 41 என்ற எண் கீழே அடிக்கடி வரும்.

காஜிமார் தெரு, நெல்பேட்டை, மகபூப்பாளையம், கோரிப்பாளையம், வெளியே மேலூர், திருமங்கலம் என்று எங்கிருந்தாலும் 13 முதல் 20 வயதுக்குள் இருக்கிற முஸ்லிம் பெண்ணுக்காக எழுதியது இது. அவளை அனுப்பலாமா என்று யோசிக்கிற வீட்டுக்காரர்களும் படிக்கலாம். 800 மீட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குழு தேவையில்லை, மட்டை, வலை வாங்க வேண்டாம், எதிராளி மேலே விழுந்து பிடிக்கிற ஆட்டமும் இல்லை. மூடிய உடையைத் தடுக்கும் விதியும் இதில் கிடையாது.

வீட்டில் பேசுவது

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "மார்க்கத்துல இடமில்ல" என்று வீட்டில் சொல்லும்போது, பெரும்பாலும் உள்ளே இருக்கிற பயம் வேறு. இருட்டில் போவது, எந்த உடையில் ஓடுவது, கூட யார் வருவது, யார் கண்ணில் படும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள். "எனக்கு ஆசை" என்று மட்டும் போய் நின்றால், "ஆசைதானே, போயிரும்" என்று முடித்துவிடுவார்கள்.

கேட்கும் வரிசையும் முக்கியம். முதலில் அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரையோ முட்டிவலியோ இருந்து டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தால் வேலை பாதி முடிந்தது. அவர் நடப்பார், நீங்கள் ஓடுவீர்கள். அடுத்து அத்தா. நன்னியை (பாட்டியை) கடைசிக்கு விடாதீர்கள். வீட்டு முடிவை மாற்றுகிற கடைசிச் சொல் பல வீடுகளில் அவருடையது. பிறர் சொல்லித் தெரிந்துகொண்டால் அவருக்குக் கோபம் வரும். நேரே போய்ச் சொன்னால் துஆ (ஆசி) கிடைக்கும்.

அத்தாவிடம் கேட்பது இப்படிச் சுருக்கமாக இருக்கட்டும்: "அத்தா, மூணு மாசம் மட்டும். வாரத்துல நாலு நாள், காலைல ஆறுல இருந்து ஏழேகால் வரைக்கும். அம்மா கூட வர்றாங்க. முழுசா மூடின டிரெஸ்தான், தச்சு வச்சிருக்கேன், பாருங்க. மார்க் குறைஞ்சா நானே நிறுத்திக்கிறேன்." கெடு, நேரம், துணை, உடை, படிப்பு, ஐந்தும் அதில் வந்துவிட்டன. மூன்று மாதம் என்ற கெடு சும்மா சொல்வதில்லை; கீழே உள்ள பயிற்சி 12 வாரம்தான்.

மார்க்கம் பற்றிக் கேட்டால், அன்னை ஆயிஷா நாயகத்தோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதல் முறை ஆயிஷா முந்தியதும், பிறகொரு முறை நாயகம் முந்தியதும் ஹதீஸில் இருக்கிறது. அபூதாவூத் தொகுப்பில் பார்க்கலாம். ஹஜ்ரத்திடம் (மார்க்கம் படித்த பெரியவரிடம்) கேட்போம் என்று வீட்டில் முடிவானால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "பொம்பளப் பிள்ளை கிரவுண்டுல ஓடலாமா?" என்று கேட்டால் வருகிற பதில் ஒன்று. "உடம்பு முழுக்க மூடிய, ஒட்டாத உடையில், தாய் துணையோடு, பெண்கள் மட்டும் ஓடுகிற போட்டியில் ஓடலாமா?" என்று கேட்டால் வருகிற பதில் வேறாக இருக்கக்கூடும். கருத்து ஆளுக்கு ஆள் மாறும். அதனால் கேட்கப் போகிறவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வரக் கூடாது.

உதாரணம் கேட்பவர்களுக்கு: பஹ்ரைனின் ருகையா அல் கஸரா தலை மூடி ஓடி 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் வென்றார். நிஜாமாபாத்தின் நிகத் ஸரீன் 2022-இலும் 2023-இலும் குத்துச்சண்டை உலக சாம்பியன். நம் ஊர்க் கணக்குக்கு, சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணி. பாட்டி வளர்த்த பெண், டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்பு ரிலேயில் இந்தியாவுக்காக ஓடினார். அவர் நம் சமுதாயம் இல்லைதான். ஆனால் "மதுரையில இருந்து எங்க போயிடப் போற?" என்ற கேள்விக்கு அந்தப் பெயர் போதும்.

இன்னொரு விஷயத்தை முதல் நாளே பேசி முடியுங்கள்: போட்டோ. ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பிள்ளை திடீரென்று நின்றுபோனால், காரணம் அநேகமாக யாரோ ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த படமாக இருக்கும். திண்டுக்கல்லில் இருக்கும் மாமியோ துபாயில் இருக்கும் மச்சானோ அதைப் பார்த்து, அத்தாவுக்குப் போன் வரும். எந்தப் படம் வெளியே போகலாம், யார் போடலாம் என்று வீட்டில் முடிவு செய்து, அதைக் கோச்சிடமும் பி.இ.டி. டீச்சரிடமும் சொல்லிவையுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

உடை

உலக தடகளக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப விதிகளில் 5-ஆம் விதி உடையையும் காலணியையும் பற்றியது. உடை சுத்தமாக, ஆட்சேபமில்லாத வகையில் இருக்க வேண்டும், நனைந்தாலும் உள்ளே தெரியாத துணியாக இருக்க வேண்டும். தலையை மூடக் கூடாது, கை கால் தெரிய வேண்டும் என்றெல்லாம் எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்துப் பையிலேயே வைத்திருங்கள். உள்ளூர்ப் போட்டியில் யாராவது "இதைக் கழட்டிட்டு ஓடும்மா" என்று சொன்னால், நீங்கள் வாதாட வேண்டாம், டீச்சர் காட்டட்டும்.

நனைந்தாலும் தெரியக் கூடாது என்ற அந்த ஒரு வரியால் வெள்ளையும் இளஞ்சாம்பலும் கழிந்துவிடும். கறுப்பு வெயிலை இழுக்கும். கருநீலம், கரும்பச்சை, மரூன் சரிப்படும்.

வீட்டில் கட்டும் துப்பட்டாவோ பின் குத்தும் ஷாலோ ஓட்டத்துக்கு ஆகாது. நுனி அவிழ்ந்து கைக்கடியில் மாட்டும், பின் குத்தும். தொழுகைக்குப் போடும் பருத்தி மக்கனா (தலையும் கழுத்தும் மூடும் துணி) வியர்வையைக் குடித்து இரண்டாவது சுற்றில் ஈரத் துண்டு மாதிரி தொங்கும். தேவைப்படுவது ஓட்டத்துக்கென்று தைத்த மக்கனா: தலை வழியாக மாட்டுவது, பின் இல்லாதது. கடையிலும் இணையத்திலும் 'ஸ்போர்ட்ஸ் ஹிஜாப்' என்று கிடைக்கிறது. ஆனால் தைப்பது மலிவு, அளவும் சரியாக வரும். விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்து, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்கள் யாரிடமாவது கொடுக்கலாம். தெருவில் தைக்கிற ராத்தா (அக்கா) இருந்தால் இன்னும் நல்லது.

துணி: நாலு பக்கமும் இழுபடும் மெல்லிய பாலியஸ்டர்–லைக்ரா கலப்பு. ஜெர்சி துணிக் கடையில் 'டிரை ஃபிட் லைக்ரா' என்று கேட்டால் காட்டுவார்கள். 60 அங்குல அகலத்தில் அரை மீட்டர் ஒரு மக்கனாவுக்குத் தாராளம். ஒரு மீட்டராக எடுத்து இரண்டு தைத்துக்கொள்ளுங்கள், ஒன்று காயும்போது ஒன்று.

அளவு: நெற்றி மேல் முடி தொடங்கும் இடத்திலிருந்து கன்னத்தோரம் இறங்கி, தாடைக்கு அடியில் போய், மறுபக்கம் ஏறி வருகிற சுற்றளவை டேப்பில் எடுங்கள். 60 செ.மீ. வந்தால் முகத் திறப்பை 53 அல்லது 54 செ.மீ.க்கு வெட்டச் சொல்லுங்கள். துணி இழுபட்டு ஒட்டி நிற்கும். அதைவிட இறுக்கினால் ஓடும்போது எச்சில் விழுங்க முடியாது. போட்டுப் பார்க்கையில் தாடைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்பக்கம் கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சாண், பின்பக்கம் தோள்பட்டை எலும்பு வரை இறங்க வேண்டும். இந்த நீளம் டாப்ஸுக்குள் செருகத்தான். செருகாமல் விட்டால் காற்றில் தூக்கி முகத்தில் அடிக்கும், நெஞ்சில் குத்திய எண் அட்டையையும் மறைக்கும். எண் தெரியாவிட்டால் நடுவர் கூப்பிடுவார்.

தையல்: ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக். சாதாரண நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும், நூல் இழுபடாது. மூன்றாம் நாள் தலையை மாட்டும்போதே 'படக்' என்று அறுந்துவிடும். ஊசி 11-ஆம் நம்பர், லைக்ராவுக்கான உருண்டை முனை ஊசி. கூர்முனை ஊசி துணியில் ஓட்டை போடும். முகத் திறப்பில் எலாஸ்டிக் வைக்க வேண்டாம், நெற்றியில் தழும்பும் தலைவலியும் வரும். அதே துணியில் 3 செ.மீ. பட்டி வெட்டி மடித்துத் தைத்தால் போதும். காதுப் பக்கம் மட்டும் ஒற்றை மடிப்பாக விடச் சொல்லுங்கள். இரண்டு மடிப்பானால் தொடக்க நடுவரின் குரல் அமுங்கும்.

முடியை உச்சியில் கொண்டை போட்டால் மக்கனா பின்னால் வழுக்கிக்கொண்டே போகும். பிடரியில் தாழ்வாகப் பின்னி, பின்னலை உள்ளே விடுங்கள். தைத்து வந்ததும் வீட்டிலேயே சோதியுங்கள்: இருபது முறை குதிப்பது, இடமும் வலமும் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கண்ணாடி முன் நிற்பது. மூன்றிலும் தேறினால் மைதானத்துக்குப் போகலாம்.

மேலே முழுக்கை டிரை ஃபிட் டாப்ஸ், தொடைப் பாதி வரை நீளம். அதைவிட நீளம் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் முட்டி வரை வைக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் 15 முதல் 20 செ.மீ. ஓப்பன் விட வேண்டும். இல்லாவிட்டால் முட்டி தூக்கும்போது துணி தடுத்து, எட்டி வைக்கும் அடி குறுகும். கீழே லெக்கிங்ஸ், அதன் மேல் தொளதொள ஷார்ட்ஸ். அல்லது கணுக்காலில் பட்டி வைத்த மெல்லிய டிராக். அகலக் கால் பேன்ட் கூடாது, ஸ்பைக் ஷூவின் அடியில் இருக்கும் ஆணி அதில் மாட்டிக் குப்புற விழுவது நடக்கிற விஷயம். நாடா மட்டும் உள்ள பேன்ட்டும் வேண்டாம்: எலாஸ்டிக், அதற்குள் நாடா, முடிச்சு உள்பக்கம். ஸ்போர்ட்ஸ் பிரா நல்லதாக ஒன்று வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வலியால் தோளைக் குறுக்கி ஓடுகிற பிள்ளையைக் கோச் "ஸ்டைல் சரியில்ல" என்று திட்டிக்கொண்டிருப்பார், காரணம் தெரியாமலே.

ஷூ வாங்க மாலையில் போங்கள், பாதம் கொஞ்சம் பருத்திருக்கும் நேரம். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல்கட்டை இடம் வேண்டும். பயிற்சி ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். ஸ்பைக் முதல் மூன்று மாதத்துக்குத் தேவையே இல்லை. வாங்கும்போது சிந்தெடிக் டிராக்குக்கு 6 மி.மீ. ஆணி, மண் மைதானத்துக்கு 9 மி.மீ. ஆணி.

வீட்டிலிருந்து மைதானம் வரை பர்தாவிலேயே வரலாம். அதை மடித்து வைக்க ஒரு துணிப்பை, முடிந்ததும் மாட்டிக்கொள்ள உலர்ந்த இன்னொரு மக்கனா. ஈரத்தோடு பர்தாவை மேலே போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் தோலில் படை வரும்.

நேரம், இடம், துணை

மதுரையில் சூரிய உதயம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கும் 6:40-க்கும் இடையில். சுபுஹு (விடியற்காலைத் தொழுகை) தொழுதுவிட்டு ஒரு பேரீச்சம்பழமோ அரை வாழைப்பழமோ சாப்பிட்டு, வெளிச்சம் வரும்போது மைதானத்தில் இருப்பதுதான் சரி. "கறுத்துப் போயிடுவ" என்கிற மாமிக்கும் இதுவே பதில். ஏழேகாலுக்கு வீட்டுக்குள் இருப்பீர்கள். நோன்பில்லாத நாளில் மாலையில் ஓடினால், மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) பாங்குக்கு அரை மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாலையை மறந்துவிடலாம், தரை அனல் மூச்சு விடும்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் நடப்பவர்கள் நிறைய. பெண்களும் வருவார்கள் என்பதால் அம்மாவுக்குச் சங்கடம் இருக்காது. உட்பக்க முதல் லேன்தான் 400 மீட்டர். எட்டாவது லேனில் ஒரு சுற்று 450 மீட்டரைத் தாண்டும். வெட்கத்தில் ஓரமாக எட்டாவது லேனிலேயே ஓடிவிட்டு, "நேரம் வரவே மாட்டேங்குது" என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. வேகப் பயிற்சி நாளில் முதல் லேனில் ஓடுங்கள், முன்னால் யாராவது நடந்தால் "டிராக்!" என்று குரல் கொடுங்கள். குரல் வராதவர்களுக்கு அதுவும் ஒரு பயிற்சிதான்.

மற்ற நாள்களுக்கு வண்டியூர் கண்மாய் நடைபாதை, பள்ளி மைதானம், ஊர்ப்பக்கம் என்றால் கண்மாய்க் கரை மண். சிமென்ட் ரோட்டில் தினமும் ஓடினால் மூன்றாவது வாரம் கீழ்க்கால் முன் எலும்பில் வலி பிடிக்கும். பிடித்துவிட்டால் நான்கைந்து நாள் ஓட்டத்தை நிறுத்தி, மண்ணுக்கு மாறுங்கள். எலும்பில் ஒரே புள்ளியை அழுத்தினால் வலி குத்துகிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம்.

தெருநாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது.

துணைக்கு அம்மா ஒருவரையே நம்பினால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளெல்லாம் லீவுதான். அதே தெருவில் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று அம்மாக்களும் முறை வைத்து வரட்டும். மூன்று பிள்ளைகள் சேர்ந்து போனால் அது தெருவின் வழக்கமாகிவிடும். ஒருத்தி தனியாகப் போனால் பேச்சாகும்.

பன்னிரண்டு வாரம்

வாரம் நான்கு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் மூன்று வாரம் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, எட்டு முறை. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எல்லோரும் செய்கிற தப்பு இங்கேதான். முதல் வாரத்திலேயே உயிரைக் கொடுத்து ஓடி, இரண்டாவது வாரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது.

நான்காவது வாரத்திலிருந்து ஆறு வரை இரண்டு நாள் நிற்காமல் 25 முதல் 30 நிமிடம் மெதுவோட்டம். ஒரு நாள் மெதுவோட்டத்தின் முடிவில் 80 மீட்டரை நல்ல வேகத்தில் ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நடந்து திரும்புதல். ஒரு நாள் வீட்டிலேயே பாயில்: உட்கார்ந்து எழுதல் 12, குதிகால் தூக்கல் 15, இடுப்பு தூக்கல் 15, பிளாங்க் (குப்புறப் படுத்து முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பைத் தாங்குவது) 30 விநாடி, இதெல்லாம் மூன்று சுற்று. மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கலாம். வெளியே போக முடியாத நாளுக்கும் இதுவே கை கொடுக்கும்.

ஏழு முதல் பத்து வாரம்தான் 800 மீட்டர் உருவாகிற காலம். இப்போது இரண்டு எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 200 மீட்டருக்கு 45 விநாடி என்றால் 800-க்கு 3 நிமிடம். புதியவருக்கு அது நல்ல முதல் இலக்கு. 41 என்றால் 2:44. பெரும்பாலோருக்கு அது அடுத்த வருடக் கணக்கு, அவசரம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை 200 மீட்டர் எட்டு முறை, தேர்ந்தெடுத்த விநாடியில், ஒவ்வொன்றுக்கும் பிறகு 200 மீட்டர் நடை. முதல் இரண்டை 38-இல் ஓடிவிட்டுக் கடைசி இரண்டை 50-இல் முடித்தால் அந்தப் பயிற்சி வீண். எட்டும் ஒரே எண்ணில் வர வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், விருந்தாளி என்று வீடு பரபரப்பாக இருக்கும், அதனால் இரண்டாவது கடினப் பயிற்சியைச் சனிக்கிழமைக்கு வையுங்கள்: 400 மீட்டர் ஐந்து முறை, 800 வேகத்தைவிடச் சுற்றுக்கு 10 விநாடி மெதுவாக, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. மற்ற இரண்டு நாளும் மெதுவோட்டம்தான். கடினப் பயிற்சிக்கு முன் 10 நிமிடம் மெதுவோட்டம், கை கால் அசைவுகள். இதைத் தாவினால் தொடைப் பின்தசை பிடிக்கும்.

பதினொன்றாவது வாரம் ஒரே ஒரு முறை 600 மீட்டர் முழு முயற்சி. அதில் உங்கள் வேகம் 500-இல் விழுந்தால் தொடக்கம் வேகமாகிவிட்டது என்று பொருள். பன்னிரண்டாவது வாரம் பாதி அளவு ஓட்டம், பிறகு போட்டி.

நேரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அத்தாவிடம் மூன்று மாதக் கெடு முடியும் அன்று காட்ட அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

நோன்பு மாதம்

ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தப் போட்டியோடு மோதுகிறது என்று வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த மாதம் முன்னேறப் பார்க்க வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

மெதுவோட்டத்தை நோன்பு திறப்பதற்கு 40 நிமிடம் முன் வையுங்கள். 20 முதல் 25 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஓடி முடித்ததும் தண்ணீர் குடிக்கலாம் என்பதால்தான் இந்த நேரம். சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) முடித்துக் காலையில் ஓடினால் நாள் முழுக்கத் தாகத்தோடு தள்ள வேண்டும். வேகப் பயிற்சி வாரம் ஒன்று போதும். நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) நேரத்தைப் பார்த்து, துணையோடு. வெளியே போக முடியாவிட்டால் அதை வீட்டுப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். தலை சுற்றினால், நடுக்கம் வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

நோன்புக் கஞ்சி நல்ல தொடக்கம்தான். அதோடு வடையும் சமோசாவும் வயிற்றை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமிருக்காது. கஞ்சி, பேரீச்சம்பழம், தண்ணீர். தொழுதுவிட்டு முட்டை, கறி அல்லது மீன், சோறு. திறப்புக்கும் சஹருக்கும் இடையில் இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரே மூச்சில் இல்லாமல் பிரித்துக் குடிக்க வேண்டும். மாதவிடாய் நாள்களில் நோன்பு இல்லை என்பதால், உடம்பு இடம் கொடுத்தால் அந்த நாள்களில் காலைப் பயிற்சி செய்யலாம்.

ரத்தம், சாப்பாடு

மூச்சு வாங்குகிறது, நேரம் குறையவில்லை, படியேறினாலே இதயம் படபடக்கிறது என்றால் இன்னும் கடுமையாக ஓடுவது பதிலாகாது. ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரை எத்தனை பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாததா? அதை விழுங்குங்கள். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்துங்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஈரல், முருங்கைக்கீரை, கேழ்வரகு. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் "ஓடுறதால அப்படித்தான்" என்று விடக் கூடாது. சாப்பாடு ஓட்டத்துக்கு ஈடாகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பு தேயும். பெண் டாக்டரிடம் போங்கள்.

கோச்

முதல் நாள் அம்மாவோடு போய்ப் பார்க்க வேண்டும். என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) தரும் பயிற்சியாளர் டிப்ளமோ இருக்கிறதா, இப்போது எத்தனை பெண் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் தனியாகவும் பேசுங்கள். ஆண் கோச் என்றால் சில விதிகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம்; நல்ல கோச் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார். மெசேஜ் எல்லாம் அம்மா நம்பருக்கு. கை வைத்து ஸ்ட்ரெட்ச் செய்துவிடுவதும் மசாஜும் கிடையாது. செய்து காட்டினால் போதும். மூடிய அறையில் தனியாகப் பேச்சு இல்லை. மீறல் நடந்தால் அழைக்க உதவி எண்: 18 வயதுக்குக் கீழ் 1098, பெண்களுக்கு 181. இதை வீட்டில் சொன்னால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "எது நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு. உன் ஓட்டம் நிக்காது, ஆளைத்தான் மாத்துவோம்."

காகிதம்

ஓட்டத்தைவிடப் பிள்ளைகளை அதிகம் தோற்கடிப்பது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் 'பாத்திமா பீவி', ஆதாரில் 'ஃபாத்திமா', டி.சி.யில் 'பாத்திமா பேகம்', இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். சில சான்றிதழில் பெயரே இருக்காது, 'பெண்' என்று மட்டும் இருக்கும். மாவட்டப் போட்டி வரை யாரும் கேட்கமாட்டார்கள். மாநிலப் போட்டியின் வாசலில் நிற்கும்போது கேட்பார்கள். இப்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். பெயர் விடுபட்டிருந்தால் மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ சேர்க்க மனு கொடுக்க வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டும் ஆசை யாருக்கும் வேண்டாம், எலும்புச் சோதனை வைக்கிறார்கள்.

பள்ளி மாணவிக்குப் பாதை குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும். குடியரசு தின தடகளப் போட்டிகள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பைக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு எல்லாம் உண்டு.  ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குச் சேர்க்கை நடக்கும். விடுதி என்றதும் வீட்டில் முகம் மாறினால் வற்புறுத்த வேண்டாம், வீட்டிலிருந்தே மாநில அளவு வரை போகலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதை மாப்பிள்ளை வீட்டுக் கவலை உள்ளவர்களிடம் சொல்லலாம். கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் உறை போதும்.

வெளியூர்ப் போட்டிக்கு: அணியோடு பெண் மேலாளர் வருகிறாரா, தங்குமிடம் எது என்று பள்ளியில் எழுத்தில் வாங்குங்கள். அம்மாவும் கூட வந்து அதே ஊரில் தங்குவது முதல் இரண்டு பயணத்துக்கு நல்லது. ஹலால் கவலைக்கு முட்டை, சப்பாத்தி, தயிர்சாதம்; புது ஊரில் புதுச் சாப்பாட்டைப் போட்டிக்கு முந்தின இரவு சோதித்துப் பார்க்க வேண்டாம்.

போட்டி நாள்

போட்டிக்கு மூன்று மணி நேரம் முன் இட்லியோ, பிரெட்டும் வாழைப்பழமுமோ. பிரியாணி வெற்றிக்குப் பிறகு. புது மக்கனா, புது ஷூ எதையும் அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். எண் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நான்கு மூலையிலும் ஊக்கு.

800 மீட்டருக்கு "செட்" கிடையாது. "ஆன் யுவர் மார்க்ஸ்", அடுத்தது துப்பாக்கி. பெரிய போட்டிகளில் முதல் வளைவு முடியும் வரை அவரவர் லேன். கோடு தாண்டியதும் ஒரேயடியாக உள்ளே வெட்டாமல், எதிர்ப்பக்க நேர்கோட்டின் முடிவைப் பார்த்துச் சாய்வாக உள்ளே வாருங்கள். வெட்டினால் அடுத்தவர் ஸ்பைக் உங்கள் கெண்டைக்காலில் ஏறும்.

எல்லோரும் முதல் 200-ஐ 35, 36 விநாடியில் பறப்பார்கள். நீங்கள் 41-க்குப் பயிற்சி எடுத்திருந்தால் 40 அல்லது 41-இல் போங்கள். கடைசியில் இருப்பீர்கள், பரவாயில்லை. மணி அடிக்கும்போது 82-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 500 மீட்டருக்குப் பிறகு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வருவார்கள். மூன்றாவது 200-தான் எல்லோருக்கும் விழும் இடம். அங்கே வேகத்தைக் கூட்டுவதாக நினைத்து ஓடினால்தான் அதே வேகம் நிற்கும். தோள் ஏறிக் காதைத் தொட்டால் கையை ஒருமுறை கீழே உதறுங்கள். கோடு தாண்டி ஐந்து மீட்டர் வரை நிறுத்தாதீர்கள்.

முடிந்ததும் உட்கார வேண்டாம், பத்து நிமிடம் நடந்து, ஈர மக்கனாவை மாற்றி, பர்தாவை மாட்டிக்கொண்டு, சான்றிதழ் மேசைக்குப் போங்கள். அங்கே எழுதுகிற டீச்சரிடம் ஆதார் நகலை நீட்டி, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அந்த மேசையை விட்டு நகராமல் அங்கேயே வேறு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.